கண்டென்சர்தான் சார்!

"ஓடுதே சார்!" என்று சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியன் தம்பி ஸ்டூலை விட்டு இறங்கினார். இறங்கியவர் சும்மா போகவில்லை. என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். ஓடுகிற எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்க்க ஆள் கூப்பிடுகிற வீடு என்று இந்நேரம் தெருமுனை டீக்கடையில் எங்களுக்குப் பெயர் வந்திருக்கும். வரட்டும். அது ஓடவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? ஓடுகிறது. அது ஓடுகிற சத்தத்தில் ஹாலில் டிவி செய்தி காதில் விழுவதில்லை. காற்றுதான் வெளியே போகவில்லை. அதைச் சொன்னால், "அதான் ஓடுதே சார்" என்கிறார். அதற்கு மேல் என்ன பேச? விசிட்டுக்கான பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் ஏதோ ஒன்று சுற்றி, ஏதோ ஒரு சத்தம் வந்துவிட்டால் நமக்கு மனசு நிறைந்துபோகிறது. மிக்ஸி அலறினால் சட்னி அரைபடுகிறது. மோட்டார் உறுமினால் டேங்க் நிரம்புகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பது வேறு இலாகா. எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயத்தில் இந்தத் திருப்தி உச்சத்துக்குப் போகும். ஏனென்றால் அது செய்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது. சீலிங் ஃபேன் காற்று வரவில்லையென்றால் முதுகு சொல்லும். எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை எடுக்கவில்லையென்றால் யார் சொல்வது?

எங்கள் பாத்ரூம் சொன்னது. குளித்து முடித்து வந்து இட்லி சாப்பிட்டு, பேப்பரில் ராசிபலன் வரைக்கும் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தாலும் கண்ணாடியில் ஆவி அப்படியே நிற்கிறது. சோப்பு தன் பெட்டியிலேயே கரைந்து கொழகொழவென்று கிடக்கிறது. துண்டு காயாமல் ஒரு வாடை. டைல்ஸ் இடுக்கில் கறுப்பு. கதவு உப்பிப்போய், உள்ளே போனவர் வெளியே வர வெளியிலிருந்து ஒருவர் தோளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

என்ன கோளாறு என்பதைக் கடைசியில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு ஃபேனுக்கும் அது பயன்படும். அதற்கு முன்னால் கண்டென்சர் விஷயத்தை மட்டும் பேசித் தீர்த்துவிட வேண்டும். ஒரு பாரா போதும்.

ஃபேனில் கோளாறு என்று நான் வாயைத் திறந்த நாளிலிருந்து, கேட்டவர்கள் அத்தனை பேரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "கண்டென்சர் போயிருக்கும்." யோசித்துச் சொன்னவர் யாருமில்லை. 'ஃபே' என்பதற்குள் பதில் வந்துவிடும். மாடி வீட்டுக்காரர் சொன்னார். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் நான் முதலில் பயபக்தியோடுதான் கேட்டேன். கணக்குப் பிரிவில் இருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வாட்ச்மேன் சொன்னார். பேப்பர் போடுகிற பையன் சைக்கிளிலிருந்து இறங்காமலே சொன்னான். கோயம்புத்தூரிலிருக்கும் சகலை போனில், "கண்டென்சருதானுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். மோட்டார் செய்கிற ஊர்க்காரர், மறுத்துப் பேச முடியுமா? ஃபேனைப் பற்றி நான் எதுவுமே கேட்காத பல் டாக்டர்கூட, என் வாயில் கருவியை வைத்துக்கொண்டு, பின்னால் நின்ற நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: "அந்த ரூம் ஃபேனா? கண்டென்சரா இருக்கும்."

நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த மின்னியல் இவ்வளவுதான். ஓம் விதி தெரியாது. ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மெயின் ஸ்விட்ச் எந்தப் பக்கம் அணையும் என்று தெரியாது. கண்டென்சர் தெரியும். அது வட்டமா, சதுரமா என்று கேளுங்கள், தெரியாது. ஆனால் போயிருக்கும் என்பது தெரியும்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், சீலிங் ஃபேனைப் பொறுத்தவரை இவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைக்கிறது. வீட்டுக்கு வருகிற 230 வோல்ட் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. வெறுமனே முன்னும் பின்னும் இழுத்தால் ஒரு பொருள் சுற்றாது. ஆட்டுக்கல்லில் குழவியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து, எதிர்ப்பக்கம் தள்ளி, மறுபடி இழுத்துப் பாருங்கள். மாவு தெறிக்கும், குழவி சுற்றாது. பக்கவாட்டில் ஒரு தள்ளு, அதுவும் சற்றே தாமதமாக, சேர்ந்தால்தான் சுற்று பிறக்கும். மோட்டாரின் இரண்டாவது காயிலுக்கு அந்த நேர வித்தியாசத்தைக் கொடுப்பதுதான் கண்டென்சரின் உத்தியோகம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டில் உலோகப் பூச்சு. எங்காவது ஓர் இடத்தில் பொத்தல் விழுந்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்து விலகி, அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பூச்சு போகும், கொஞ்சம் திறன் போகும். ஃபேன் ஒரே நாளில் சாகாமல் வருஷக்கணக்கில் மெதுவாவது இதனால்தான். கடையில் போய், "டூ பாயின்ட் ஃபைவ் ஒண்ணு குடுங்க" என்று வாங்கி வந்து மாட்டினால் ஃபேன் பழையபடி பறக்கும்.

ஒரு தடவை பலித்துவிட்டதா, போதும். அப்புறம் நம் ஆட்கள் அதைக் கீழே வைப்பதில்லை. மாடி வீட்டுக்காரரை நான் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது: கண்டென்சர். தெருவிளக்கு விட்டுவிட்டு எரிந்தது: கண்டென்சர். பேத்தியின் ஸ்கூல் வேன் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை: "டீசல் வண்டியா இருந்தா என்ன, எங்கேயாவது ஒரு கண்டென்சர் இருக்கும்." கிரிக்கெட்டில் நம் ஊர் அணி பத்து ஓவருக்குப் பிறகு படுத்தபோது அவர் டிவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும்.

ஏன் இந்த மோகம் என்று நான் நிறைய யோசித்துவிட்டேன். பாத்ரூமில் யோசிக்க நேரம் கிடைக்கிறது. கண்ணாடி தெளிய வேண்டுமே. முதல் காரணம், விலை. ஹோட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிடுகிற காசுக்குள் முடிந்துவிடும். "காயில் போச்சு" என்றால் வீட்டில் துக்கம். "பேரிங் போச்சு" என்றால் கவலை. "கண்டென்சர் போச்சு" என்றால் எல்லோர் முகத்திலும் ஒரு மலர்ச்சி. இரண்டாவது, அது யார் தப்பும் இல்லை. ஃபேனைத் துடைக்காதவர், வோல்டேஜைக் கவனிக்காதவர், மட்டமான ஃபேனை வாங்கியவர் என்று குடும்பத்தில் யாரையும் கை நீட்ட வேண்டாம். போகிற ஜாதி அது, போயிற்று. மூன்றாவது, சொல்லிவிட்டுப் போய்விடலாம். "வாங்க, ஸ்டூலைப் பிடிக்கிறேன்" என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்டென்சர் என்பது, 'உன் தொல்லையைக் கேட்டேன், விடை சொன்னேன், ஆளை விடு' என்பதைச் சுருக்கிச் சொல்வது.

இதில் நுணுக்கமான உட்பிரிவுகளும் உண்டு. "கண்டென்சர் போயிருக்கும்" என்பவர்கள் ஒரு வகை. "கண்டென்சர் வீக்கா இருக்கும்" என்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். "ஒரிஜினல் கண்டென்சரா பார்த்து வாங்குங்க, டூப்ளிகேட் வருது" என்பவர்கள் ஏற்கெனவே ஏமாந்தவர்கள். "ரிச்சி ஸ்ட்ரீட்ல பாதி விலை" என்பவர்களோடு விவாதம் கூடாது. அந்தப் பாதி விலைக்காக அண்ணா சாலை டிராஃபிக்கில் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் இங்கே புது ஃபேனே வாங்கலாம் என்றால் முகம் சுண்டிப்போவார்கள். இன்னும் ஒரு வகை இருக்கிறது: குச்சி வைத்தியர்கள். சுவிட்சைப் போட்டு, இறக்கையை ஒரு குச்சியால் தள்ளிவிட்டால் சுற்ற ஆரம்பிக்கிறதா பார் என்பார்கள். அதுவாகக் கிளம்பாமல் தள்ளிவிட்டால் மட்டும் கிளம்பினால் கண்டென்சர் போயிற்று என்று அர்த்தம். இந்த வைத்தியமும் பல ஃபேன்களுக்குச் சரிதான். ஆனால் என் ஃபேன் தானாகவே கிளம்புகிறதே ஐயா என்றால், "அப்படியும் சிலது இருக்கும்" என்று குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு பாரா என்று சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கிறது. இன்னும் முக்கியமான இடம் வரவில்லை.

எலக்ட்ரீஷியன் தம்பி முதல் முறை வந்தபோது பாத்ரூம் வாசலில் நின்றபடியே தலையைத் தூக்கிப் பார்த்து, நாம் எதிர்பார்க்கிற அந்தத் திருவாக்கை அருளினார். "கண்டென்சர்தான் சார்." காசை வாங்கிக்கொண்டு போனார். மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டுதான் வந்தார். கையில் கண்டென்சர். ஸ்டூல் போட்டு ஏறி, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, ஃபேனைச் சுவரிலிருந்து இறக்கிப் பிரித்தார். பிரித்து அப்படியும் இப்படியும் திருப்பினார். எனக்கும் ஆர்வம், எட்டிப் பார்த்தேன். உள்ளே கண்டென்சரைக் காணோம். போனதோ இருந்ததோ இல்லை. அந்த ஃபேனுக்குக் கண்டென்சரே கிடையாது.

பாத்ரூமில் மாட்டுகிற சின்ன பிளாஸ்டிக் ஃபேன்கள் பலவற்றில் இருப்பது ஷேடட் போல் என்கிற வகை மோட்டார். அதில் காந்த முனையின் ஓரத்தில் ஒரு செம்பு வளையத்தைப் பதித்துவிடுவார்கள். வளையம் இருக்கிற பக்கத்தில் காந்தப்புலம் கொஞ்சம் பிந்தி வரும். அந்தப் பிந்துதலிலேயே சுற்று கிளம்பிவிடும், கண்டென்சர் எதற்கு? செலவு குறைவு, கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. குடிக்கிற மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் போகும் என்பது அதன் லட்சணம். சின்ன ஃபேன்தானே என்று கம்பெனிக்காரர்கள் கண்டுகொள்வதில்லை. ஆக, மின்வாரியக் கணக்குப் பிரிவும் கோயம்புத்தூரும் பல் ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஒருமனதாகக் கொடுத்த தீர்ப்பு, பிறக்கவே பிறக்காத ஓர் உறுப்பைப் பற்றியது.

இதைத் தம்பி எப்படிச் சமாளித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் தூக்கம் வராமல் செய்கிறது. ஃபேனைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாடல்ல கண்டென்சரை உள்ளேயே வச்சு மூடியிருப்பான் சார்" என்றார். புதிதாக வாங்கி வந்ததை என்ன செய்வது என்றேன். "வச்சுக்கோங்க சார், ஹால் ஃபேனுக்கு ஆகும். அதுக்கும் போகத்தானே போவுது." இப்போது அது ஃப்ரிட்ஜ் மேலே, பழைய ரிமோட்டுகளுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவில், ஹால் ஃபேன் சாகும் நாளுக்காகக் காத்திருக்கிறது.

மாடி வீட்டுக்காரரிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். கண்டென்சரே கிடையாது சார், என்றேன். சற்றும் அசரவில்லை. "அதான் சொன்னேனே, அது இல்லாததுதான் ப்ராப்ளம்."

அவரே அடுத்த யோசனையும் தந்தார்: வயரை மாற்றிப் போட்டால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும், ஒருவேளை காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறதோ என்னவோ. உள்ளே வருகிற இரண்டு வயரை இடம் மாற்றுவதால் எந்த சிங்கிள் பேஸ் மோட்டாரும் திசை மாறாது. விநாடிக்கு 50 தடவை அவை தாமாகவே இடம் மாறித் திரும்பிக்கொண்டுதானே இருக்கின்றன! செம்பு வளையம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஷேடட் போல் சுற்றும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுக்ககச் சங்கக் கூட்டத்துக்கு போண்டா சொல்லியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே படியேறிவிட்டார்.

சரி, ஃபேனுக்கு வருவோம்.

காற்று போகிறதா இல்லையா என்று பார்க்க ஸ்டூல், டெஸ்டர், எலக்ட்ரீஷியன் எதுவும் வேண்டாம். மெல்லிய தாள் ஒன்று போதும். ஃபேனை ஓடவிட்டு, முன்னாலிருக்கும் வலையில் தாளை வைத்துக் கையை எடுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் இழுப்பு இல்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாள் இதற்கென்றே செய்த கனத்தில் இருக்கிறது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தாளை வைத்தேன், நேராக வாளிக்குள் விழுந்தது. எடுத்துப் பார்த்தால், மேற்கே சூலம். எங்கள் ஃபேன் மேற்குச் சுவரில் இருக்கிறது. காற்று அந்தத் திசையில் பிரயாணம் கிளம்ப மறுத்ததில் நியாயம் இருக்கிறது. பரிகாரம் வெல்லம் என்று போட்டிருந்தது. ஃபேனுக்கு வெல்லம் வைத்தால் எறும்பு வரும், அதற்கு வேறு யாராவது வந்து கண்டென்சர் என்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமைத் தாளும் விழுந்தது. அன்றைக்குச் சூலம் கிழக்கே. எனவே பஞ்சாங்கத்தின் மேல் பழி போட முடியவில்லை.

பிறகு பாத்ரூம் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுத் தாளை வைத்தேன். லேசாகத் துடித்து, ஒட்டப் பார்த்து, அப்புறம் விழுந்தது. இங்கேதான் சங்கதி இருக்கிறது. ஒரு அறையிலிருந்து காற்று வெளியே போக வேண்டுமானால் அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். கதவடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் அதன் வழியாக வரும். எங்கள் மாடியில் ஒரு பூரான் வந்து ஒரு குடும்பத்தையே கட்டில் மேல் ஏற்றிய நாளிலிருந்து, எல்லா பாத்ரூம் கதவுக்கடியிலும் ரப்பர் பட்டை ஒட்டியாயிற்று. ஜன்னல் கிடையாது. உள்ளே வர வழியில்லாத காற்றை ஃபேன் எங்கிருந்து எடுத்து எங்கே தள்ளும்? இருக்கிற காற்றையே கலக்கிக்கொண்டு, மின்சாரத்துக்கு மீட்டர் ஓட்டிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். 'ஓடுதே சார்!'

கணக்குப் போட்டுக்கூடப் பார்த்துவிட்டேன். அஞ்சடிக்கு எட்டடி, உயரம் ஒன்பதடி, ஆக 360 கன அடி பாத்ரூம். அமெரிக்காவில் ஆஷ்ரே என்று ஒரு பொறியாளர் சங்கம் இருக்கிறது. அவர்களுடைய 62.2 என்ற தரவிதிப்படி, தேவைப்படும்போது மட்டும் போடுகிற பாத்ரூம் ஃபேன் நிமிடத்துக்கு 50 கன அடி காற்றை எடுக்க வேண்டும். அப்படியென்றால் என் பாத்ரூம் காற்று முழுவதும் ஏழெட்டு நிமிடத்தில் ஒருமுறை மாறிவிட வேண்டும். ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் இதைவிடப் பெரிய எண் போட்டிருக்கிறது. அது முன்னாலும் பின்னாலும் எந்தத் தடையும் இல்லாமல் வெட்டவெளியில் ஓடவிட்டு அளந்த எண். மைதானத்தில் குளிக்கிறவர்களுக்கு அது பொருந்தும்.

காற்றுக்கு வழி விடுவதில் மனிதர்களுக்கு இருக்கிற அக்கறை இன்று நேற்று வந்ததில்லை. 1723-ல் லண்டன் நாடாளுமன்றக் கீழவையில் உறுப்பினர்கள் புழுக்கம் தாங்காமல் தவித்தபோது, நியூட்டனுக்கு உதவியாளராக இருந்த டெசகுலியர்ஸ் என்ற விஞ்ஞானியைக் கூப்பிட்டார்கள். அவர் அவையின் கூரைக்கு மேலே நெருப்பு மூட்டுகிற ஏற்பாடு செய்தார். மேலே சூடானால் கீழிருக்கும் கெட்ட காற்று தானாக மேலே ஏறிப் போய்விடும். அருமையான யோசனை. ஆனால் அந்த மேல்மாடி அறைகள் திருமதி ஸ்மித் என்கிற பராமரிப்பு அம்மாளின் ஆளுகையில் இருந்தன. யாரோ வந்து தன் இடத்தில் ஏதோ வைத்தது அந்த அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அவை கூடி வெகுநேரம் கழித்துத்தான் நெருப்பை மூட்டினார். திட்டம் படுத்துவிட்டது. நியூட்டனின் ஆள், பாராளுமன்றத்தின் ஆணை, எல்லாம் இருந்தும் நெருப்பு யார் கையில் என்பதுதான் கணக்கு. எங்கள் அடுக்ககச் சங்கத்தில் வாட்டர் டேங்க் வால்வு யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1736-ல் டெசகுலியர்ஸ் நெருப்பை விட்டுவிட்டு ஒரு பெரிய சக்கர விசிறியைக் கொண்டுவந்து, அதைக் கையால் சுற்ற ஓர் ஆளையும் வைத்தார். அது பல பத்தாண்டுகள் நிலைத்தது. நிலைக்காதா? ஆள் சுற்றினால், மெதுவாகச் சுற்றும்போது திட்டலாம். என் ஃபேனைத் திட்டினால் வீட்டில் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கதவை ஒருவழியாகத் திறந்து வைத்தும் தாள் ஏன் முழுக்க ஒட்டவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விடை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் என்றால் வானம், தென்னைமரம், காக்கை என்று நினைக்க வேண்டாம். டக்ட். எல்லா வீட்டு பாத்ரூமும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற, ஆள் சுலபத்தில் நுழைய முடியாத அந்த இருட்டுப் பொந்து. ஃபிளாட் வாங்குகிறபோது பிரவுஷரில் புல்வெளி இருக்கும், நீச்சல்குளம் இருக்கும், நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பலூனோடு ஓடும். டக்ட் மட்டும் படத்தில் வராது. கட்டடம் உயர உயர டக்டின் பரப்பும் கூட வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். விற்கிறவர் பார்ப்பது சதுர அடி அட்டவணையை.

மகனின் செல்ஃபி குச்சியில் போனை மாட்டி, ஃபேனைக் கழற்றிய ஓட்டை வழியாக நீட்டி வீடியோ எடுத்தேன். அதைப் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் எங்கள் ஃபேனின் பின்பக்கத் தகடுகள். ஃபேன் ஓடினால் காற்றின் தள்ளலில் திறந்து, நின்றால் தாமாக மூடிக்கொள்ள வேண்டியவை. கட்டடத்துக்கு பெயின்ட் அடித்தபோது பெயின்டர் ஒரு பாரபட்சமும் பார்க்காமல் சுவரோடு சேர்த்து அவற்றின் மேலும் அடித்துவிட்டுப் போயிருந்தார். பாதித் தகடுகள் ஒட்டிப்போய்த் திறக்கவே இல்லை. அதற்கு நேர் எதிரே, கையெட்டுகிற தூரத்தில், யாரோ ஒரு புண்ணியவான் ஏசியின் வெளி யூனிட்டை மாட்டி, அதன் சூட்டை எங்கள் ஃபேனின் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தார். குழாய்களுக்கு நடுவில் புறாக்கள் குடித்தனம். கீழே யாரோ தேடிக்கொண்டிருக்கும் ஒற்றைச் சாக்ஸ், ஷட்டில் காக், ஒரு பெட்ஷீட். தலையைத் தூக்கி மேலே காட்டினால், டக்டின் உச்சியில் தகடு. புறா வருகிறது, மழைத்தண்ணீர் வருகிறது என்று சங்கம் போன வருஷம் பணம் வசூலித்து மேலே மூடிவிட்டது. நானும் கொடுத்தேன், ரசீது இருக்கிறது. ரசீதில் புறாத் தடுப்பு என்றுதான் எழுதியிருந்தார்கள். காற்றுத் தடுப்பு என்று எழுதவில்லை.

ஆக, ஆறு மாடி பாத்ரூம் ஃபேன்களும் சேர்ந்து, மேலே மூடிய ஒரு பெட்டிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. போக இடமில்லாத காற்று எந்த ஃபேன் ஓடவில்லையோ அந்த வீட்டுக்குள் நுழைகிறது. யார் வீட்டில் இன்று சந்தன சோப்பு, யார் வீட்டில் சீயக்காய், யார் இன்னும் எழுந்திருக்கவே இல்லை என்பதெல்லாம் எனக்குக் காலை ஏழு மணிக்குள் தெரிந்துவிடுகிறது. கீழ்வீட்டில் கருவாடு வறுத்தால் என் துண்டு மணக்கிறது. எல்லோர் வீட்டிலும் எக்ஸாஸ்ட் ஃபேன். எல்லோர் வீட்டிலும் ஓடுகிறது. எல்லோரும் ஃபேனைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். காற்று எங்கே போகிறது என்று ஒரு மனிதரும் கேட்பதில்லை. தெருவில் மழைநீர் வடிகால் வெட்டி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்காமல் மூடி போடுகிற ஊரில் நான் யாரைக் குறை சொல்வது?

இதில் இன்னொரு வேடிக்கை. காற்று ஒழுங்காக வெளியே போனால்கூட சென்னையில் உள்ளே வருகிற காற்றின் யோக்கியதை என்ன? 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவிதான் தாங்கும். கடற்கரை ஊர்க் காற்று அதில் முக்கால்வாசியைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்கே வருகிறது. டெல்லிக்காரரின் துண்டு மே மாதத்தில் காய்கிற மாதிரி நம்முடையது காயாது. ஆகையால் குளித்து முடித்தபின் ஃபேனை அணைத்துவிடாமல் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒரே சுவிட்ச். ஃபேன் ஓடினால் லைட்டும் எரியும். லைட் எரிந்தால் அப்பா எழுந்து வந்து அணைத்துவிடுவார். அவரிடம் ஆஷ்ரே விதியைச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் கிணற்றடியில் குளித்தோம், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்ததா என்றார். பதில் சொல்ல முடியாத கேள்வி. கிணற்றடிக்குத்தான் சுவரே இல்லையே.

வீடியோவை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் போனேன். போண்டா வருகிற வரைக்கும் எல்லோரும் பொறுமையாகப் பார்த்தார்கள். ஏசி யூனிட் யாருடையது என்ற கேள்வி வந்ததும் நாலு பேர் ஒரே நேரத்தில் போனை எடுத்து யாருக்கோ பேச ஆரம்பித்தார்கள். உச்சித் தகட்டைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கவாட்டில் வலை போட்டால் புறாவும் வராது, காற்றும் போகும் என்றேன். செயலாளர் குறித்துக்கொண்டார். முதலில் டக்டுக்குள் நுழைந்து, அந்த பெயின்ட் ஒட்டிய தகடுகளைச் சுரண்டிவிட ஓர் ஆளை விட வேண்டும் என்று முடிவாயிற்று. ஆள் நுழைய டக்டின் அடியிலுள்ள இரும்புக் கதவைத் திறக்க வேண்டும். கதவில் பூட்டு. சாவி எங்கே? செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் முந்தைய பொருளாளரைக் கைகாட்டினார். முந்தைய பொருளாளர் வீட்டை விற்றுவிட்டு பெங்களூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். போன் போட்டோம். சாவியை பெயின்டரிடம் கொடுத்ததாக ஞாபகம் என்றார். பெயின்டர் ஊரில் இல்லை.

பூட்டை உடைக்கலாமா என்றேன். சங்கச் சொத்தை உடைக்கத் தீர்மானம் போட வேண்டுமாம், அதற்குப் பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வர வேண்டுமாம். மூன்றில் இரண்டு பங்கு பேர் கடைசியாக வந்தது, இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு. அடுத்த பொதுக்குழு தீபாவளிக்கு அப்புறம். தீபாவளிக்கு அப்புறம் மழை. மழையில் யாரும் வரமாட்டார்கள். வருகிறவர்களும் தகடு ஒழுகாமல் இருக்கிறதா, சந்தா எவ்வளவு ஏறும் என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். என் பாட்டுக்கு நான் மட்டும் அங்கே உட்கார்ந்து, மீதிப் போண்டாவை யார் எடுத்துப் போவது என்ற விவாதத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.